தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் ஒரு டெஸ்லா காயில்

நான் லேசில் யாரையும் நம்புகிறவன் இல்லை. டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவனுக்குத் தொழில் கொடுக்கிற புத்தி அது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனம்தான் பேசுவார்கள்: "நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, தானா நின்னு போச்சு." மூடியைக் கழற்றினால் திருகாணியில் கீறல் இருக்கும். ஒரு மூலையில் ஈயப் பற்று மட்டும் புதுசாகப் பளபளக்கும். ஆளுக்கு ஆள் பொய் சொல்வார்கள், மல்டிமீட்டர் மட்டும் சொல்லாது என்பார் எங்கள் கடைக்காரர். நான் அந்த மல்டிமீட்டரையும் இன்னொரு மல்டிமீட்டரை வைத்துச் சரிபார்ப்பவன்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு வீட்டில் அக்காவும் நானும்தான். சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. அதில் பெரிய பங்கு அக்காவுக்குப் போனது. அவளைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருத்தர் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார், இன்னொருத்தர் அளவுக்கு மீறி மரியாதை காட்டினார் என்று ஒவ்வொருவரையும் தட்டிக் கழித்துவிட்டாள். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில், எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம், பெட்டி அடைக்கும் பெண்களுக்கு மேலாளாக இருந்தாள். அந்த வேலையோடு ஆபீசை ஒட்டிய வரிசையில் ஒரு வீடும் சேர்ந்து வந்தது. வேலை போனால் வீடும் போகும். இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம், அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

வீட்டின் பின்னறை என்னுடையது. ஜன்னலைத் திறந்தால் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்குச் சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் தகரச் சுவர். தகரத்துக்குள்ளே, மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சிகளை மரச் சட்டங்களில் செருகி நிறுத்திக் காயவைக்கும் கொட்டகை. அக்கா நைலான் சேலை கட்டமாட்டாள். அடுப்படியில் ஒரே ஒரு தீப்பெட்டி இருக்கும், அதுவும் மூடி போட்ட தகர டப்பாவுக்குள். ஊர் உலகத்துக்கெல்லாம் தீப்பெட்டி அடைத்து அனுப்புகிறவள் வீட்டில் இரண்டாவது தீப்பெட்டி கிடையாது.

இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்து டெஸ்லா காயில் செய்யலாமா என்று கேட்டால், செய்யக்கூடாதுதான். ஆனால் அப்போது தெருவுக்குத் தெரு பிரௌசிங் சென்டர் முளைத்திருந்தது. நான் ஒரு டிவி சர்க்யூட் படத்தைத் தேடிப் போய், எங்கோ ஒரு வெள்ளைக்காரன் தன் கார் ஷெட்டில் நின்றுகொண்டு, டெஸ்லா காயில் என்ற கருவியின் குழாய்த் தலையிலிருந்து ஊதா நிற மின்னலைப் பாயவிடும் படத்தைப் பார்த்துவிட்டேன். படம் கொஞ்சம் கொஞ்சமாக மேலிருந்து கீழே இறங்கியது. முழுசாக வந்தபோது, இதை நான் செய்தே தீருவேன் என்று முடிவாகிவிட்டது. ஆசை என்று சொன்னால் போதாது, அது ஒரு பொறாமை.

பழைய முறை டெஸ்லா காயிலுக்குக் கனமான டிரான்ஸ்பார்மரும், சடசடவென்று பொறி பறக்கும் ஓர் இடைவெளியும் வேண்டும். நான் எடுத்தது புது முறை. அதில் மாஸ்ஃபெட் என்ற கறுப்புச் சில்லுகள் இரண்டு, கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடி அந்த வேலையைச் செய்யும். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயின் ஒரு துண்டில், மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் வாங்கிய மயிரிழைக் கம்பியை ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாமல் நெருக்கமாகச் சுற்றினேன். அதன் தலையில் இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களை வாயோடு வாய் வைத்து ஒட்டினேன். அவை காணாமல் போனதை அக்கா கண்டுபிடித்து இரண்டு வேளை என்னோடு பேசவில்லை. அடியில் தடித்த கம்பியில் சில சுற்று. செத்த கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து எடுத்த காந்த வளையம் மாஸ்ஃபெட்டுகளைத் தட்டி எழுப்பும்.

மயிரிழைக் கம்பியின் மேல் நுனி கிண்ணத்துக்குப் போனால், கீழ் நுனி மண்ணுக்குப் போகவேண்டும். எர்த் சரியாக இல்லாவிட்டால் இந்தக் கருவிக்குக் கால் இல்லாத மாதிரி. கார்த்திகை மழையில் கரிசல் சொதசொதவென்று கிடந்தபோது, சந்து முடிகிற காலி இடத்தில் ஓர் இரும்புக் குழாயைச் சம்மட்டியால் அடித்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. சட்டம் தூக்கிக்கொண்டு சந்தில் போகிறவர்களின் காலில் சிக்கக்கூடாது என்று, எர்த் வயரை ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, கொட்டகையின் தகரச் சுவரில் ஆணிக்கு ஆணி மாட்டி, குழாய் வரைக்கும் கொண்டுபோய்க் கட்டினேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

எல்லாம் சேர்ந்து முடிய மாசி ஆகிவிட்டது. முதல் தடவை சுவிட்சைப் போட்டேன். ரிப்பேர்க் கடைகளில் செய்வதுபோல வழியில் ஒரு குண்டு பல்பைக் கோத்திருந்தேன்; உள்ளே கோளாறு என்றால் பல்பு பளிச்சென்று எரிந்து நம்மைக் காப்பாற்றும். பல்பு பளிச்சென்று எரிந்தது. "டப்" என்று ஒரு சத்தம். மாஸ்ஃபெட் இரண்டும் நடுவில் பிளந்து கிடந்தன. கிண்ணத்தின் தலையில் ஒரு பொறிகூட இல்லை.

அங்கே ஆரம்பித்தது என் சந்தேகப் படலம். முதல் சந்தேகம் மாஸ்ஃபெட்டின் மேல். மதுரையில் வாங்கி வந்த சரக்கு. பழசைத் தேய்த்து, மேலே புது எழுத்து அச்சடித்து விற்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். தின்னரைத் துணியில் நனைத்து எழுத்தைத் தேய்த்துப் பார்த்தேன், அழியவில்லை. அழியாததாலேயே சந்தேகம் கூடியது, இப்போதெல்லாம் அதற்கும் வழி கண்டுபிடித்திருப்பார்கள். வேறு கடையில் வாங்கினேன், அதுவும் வெடித்தது. அடிச் சுற்றின் திசையை மாற்றினேன், வெடித்தது. காந்த வளையத்தை மாற்றினேன். வீட்டுக்கு வரும் கரண்டின் மேலேயே சந்தேகம் வந்து, மீட்டரும் கையுமாக உட்கார்ந்து வோல்டேஜ் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே டப், அதே நாற்றம்.

அடுத்த சந்தேகம் கணக்கப்பிள்ளை மேல். ஆபீசில் முதலாளிக்கு அடுத்தபடி அவர்தான். வேலை வாங்குவது, சாவி, கொட்டகை எல்லாம் அவர் பொறுப்பு. வெளுத்த வேட்டியும் சட்டைப் பையில் இரண்டு பேனாவுமாக நடப்பார். அவரும் என்னைச் சந்தேகப்பட்டார் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, உள்ள டப்பு டப்புங்குது?"

"ஒரு மிசின் செய்யுதேன் அண்ணாச்சி. கரண்டுல ஓடுறது."

"ஓடினா என்ன செய்யும்?"

"மின்னல் அடிக்கும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மின்னல வச்சு என்னத்தல செய்யப் போற?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. பதில் இல்லாத இடத்தில் மனுஷன் தானாக ஒரு பதிலைப் போட்டு நிரப்பிக்கொள்வான். நான் கரண்டு திருடுகிறேன் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு மீட்டருக்கு முன்னால் நின்று, சக்கரம் சுற்றுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போவார்.

எனக்கும் அவர் விஷயத்தில் ஒரு கணக்கு இருந்தது. ஆபீஸ் வாசலில் பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்பது சட்டம். சட்டத்தைச் சொல்லித் திட்டுவதே கணக்கப்பிள்ளைதான். ஆனால் மத்தியான நேரத்தில் சந்திலிருந்து என் ஜன்னல் வழியாகப் பீடி வாசம் வரும். ஒரு தடவை ஜன்னலுக்குக் கீழே அணைந்த துண்டு கிடந்தது. அந்தச் சந்தில் நின்று பீடி குடிக்கிற தைரியம், கேட்க ஆளில்லாத ஒருவருக்குத்தான் வரும். அக்காவிடம் சொன்னேன். "நீ பாத்தியா?" என்றாள். பார்க்கவில்லை. "அப்ப வாய மூடு. அவிய நெனச்சா நாளைக்கே நம்ம சட்டி பானை தெருவுல" என்றாள்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். புது மாஸ்ஃபெட் இரண்டு போட்டு வைத்திருந்தேன். சோறு ஆறட்டும் என்று சுவிட்சைப் போட்டேன். இந்தத் தடவை உடனே வெடிக்கவில்லை. பல்பு மங்கலும் வெளிச்சமுமாகக் கொஞ்சம் தடுமாறியது, காயிலின் அடியில் ஊதாவாக ஏதோ மினுக்கியது, பிறகு டப். வழக்கம்போல எரிச்சலோடு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

நான் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் கொட்டகையில் சட்டங்கள் பற்றிக்கொண்டன. காயவைத்திருந்த ஓர் அடுக்கு புஸ்ஸென்று ஒரே மூச்சில் எரிந்ததாம். சட்டம் எடுக்கப் போன பெண்கள் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நனைத்த சாக்குகளைப் போட்டு அமுக்கிவிட்டார்கள். தகரச் சுவரின் உள்பக்கம் மட்டும் கரி பிடித்துக் கறுத்துப் போனது. லைசென்சு சமாச்சாரம் என்பதால் விஷயம் வாசல் தாண்டக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆனால் காரணம் தெரியாமல் அவர் விடுகிற ஆள் இல்லை.

சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். பருத்தி விளைகிற புஞ்சையும் தீப்பெட்டி ஆபீசும் ஒன்றாகப் பார்க்கிற குடும்பம் அவருடையது. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்தத் தம்பி பின்னால கரண்டு மிசின் வச்சிருக்கான் முதலாளி. மின்னல் அடிக்கும்னு அவன் வாயாலயே சொன்னான்" என்றார்.

அக்கா எனக்கு முன்னால் வந்து நின்றாள். "அது ஓடவே இல்ல முதலாளி. மாசக்கணக்கா நோண்டுதான். ஒரு நாளும் ஒரு பொறிகூட வந்ததில்ல. வெறும் டப்புங்குற சத்தந்தான். இவனுக்கு அது வராது."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஆனாலும் 'இவனுக்கு அது வராது' என்றது எனக்குச் சுருக்கென்று குத்தியது. தலை போகிற நேரத்திலும் மனுஷனுக்கு ரோஷம் வருகிறது பாருங்கள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஓடலையா? அப்ப ஓடாதத எனக்குக் காட்டு" என்றார். "ஞாயித்துக்கிழமை ஆபீசு கெடையாது. நானே வாரேன். அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்."

அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. ஓடவில்லை என்றால் நாங்கள் தப்பித்தோம். ஓடினால் அக்காவின் வேலையும் வீடும் அதோடு சரி.

அந்த வாரம் முழுக்க அக்கா என் பின்னாலேயே திரிந்தாள். "ஓடாதுல்ல?" என்று பல் தேய்க்கும்போது கேட்டாள், சோறு போடும்போது கேட்டாள். ஓடாது என்று சத்தியம் செய்தேன். நான் கருகிய மாஸ்ஃபெட்டுகளை எடுத்துவிட்டுப் புதுசு போட்டதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"செத்ததையே வச்சிரேம்லே. எதுக்குப் புதுசு?"

"அன்னைக்கு சுவிட்சு போடும்போது நல்லதுதான் இருந்துச்சு. செத்தத வச்சா, வேணும்னே கெடுத்து வச்சிருக்கான்னு அந்த ஆளு சொல்லுவாரு."

அது உண்மைதான். அவர் சொல்லியிருப்பார். அறையை நான் பூட்டியே வைத்திருந்தேன். கணக்கப்பிள்ளை உள்ளே புகுந்து ஏதாவது செய்து அதை ஓடவைத்துவிடுவாரோ என்றுகூட ஒரு பயம் வந்தது. மாசி முதல் என்னாலேயே ஓடவைக்க முடியாததை அவர் எப்படி ஓடவைப்பார் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கணக்கப்பிள்ளை ஏற்பாட்டில் இறங்கிவிட்டார். தீப்பெட்டி ஆபீஸ்காரர்களுக்கு நெருப்பென்றால் முதலில் தண்ணீர், அப்புறம்தான் பேச்சு. கொட்டகையைக் காலி செய்தார். டிராக்டர் டேங்கரில் தண்ணீர் வந்தது. குழாயில் தண்ணீர் வருவதற்குத் தெருவே நாள் எண்ணிக் காத்திருக்கிற கோடையில், ஒரு டேங்கர் தண்ணீரையும் சந்திலும் காலி இடத்திலும் ஊற்றித் தீர்த்தார்கள். தகரச் சுவர் நெடுக நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டார்கள். வரிசை வீட்டுப் பெண்கள் வாசலில் குடத்தோடு நின்று, வயிறெரிந்து பார்த்தார்கள். நானும் எரிச்சலோடு பார்த்தேன். என்னை ஏதோ வெடிகுண்டு மாதிரி நடத்துகிறார்கள் என்பதுதான் என் எரிச்சல்.

முதலாளி வந்து அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கணக்கப்பிள்ளை அவருக்குப் பின்னால். அக்கா அடுப்படி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொறி வந்தால் தெரியவேண்டும் என்று முதலாளி ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். டப் என்ற சத்தத்துக்குக் காதைத் தயார்செய்துகொண்டு சுவிட்சைப் போட்டேன்.

டப் வரவில்லை. பல்பு மங்கலாக ஒரே சீராக எரிந்தது. ஒரு ரீங்காரம் எழுந்தது. எவர்சில்வர் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு நூல் புறப்பட்டது. அது இரண்டாகி, நாலாகி, ஒரு சாண் நீளத்துக்குக் காற்றில் கிளை விட்டு ஆடியது. மூலையில் சும்மா சாத்தி வைத்திருந்த டியூப் லைட், எந்த வயரும் இல்லாமல் தானாக எரிந்தது. மழைக்கு முன்னால் வருவதுபோல ஒரு காட்டமான வாசம் அறை முழுக்க நிறைந்தது.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வீடு ஞாபகம் இல்லை, வேலை ஞாபகம் இல்லை. "ஓடுது" என்றேன், அக்காவைத் திரும்பிப் பார்த்து. அவள் நிலைப்படியிலிருந்து கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். கணக்கப்பிள்ளையின் முகத்தில் பயம் இல்லை; நெஞ்சில் இருந்த பாரத்தை இறக்கிவைத்தவர் மாதிரி இருந்தார். அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

"நிப்பாட்டு" என்றார் முதலாளி. நிறுத்தினேன். அவர் குரல் அப்போதும் உயரவில்லை. "ஒண்ணு, நீ எங்கிட்ட பொய் சொல்லுத. இல்லைன்னா, ஒனக்கே என்னன்னு தெரியாத ஒண்ண என் கொட்டகைக்குப் பக்கத்துல வச்சிருக்க. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு."

பொய் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஓடாத ஒன்று ஓடினால், ரிப்பேர்காரன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது என்பது. மாஸ்ஃபெட் அதே கடைச் சரக்கு. சுற்று அதேதான். வயர் அதேதான். ஜன்னலைத் திறந்தேன். சந்து முழுக்கத் தண்ணீர். நான் செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினேன். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

எர்த் குழாயைச் சுற்றிக் கரிசல் களியாகக் கிடந்தது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. கொஞ்சம் தள்ளி, தண்ணீர் படாத இடத்தில் மண் பாளம் பாளமாக வெடித்து, கை நுழைகிற அகலத்துக்கு வாயைப் பிளந்து கிடந்தது. என் மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மதுரைக் கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன், கரண்டைச் சந்தேகப்பட்டேன், கணக்கப்பிள்ளையைச் சந்தேகப்பட்டேன். பிறந்ததிலிருந்து காலுக்கடியில் கிடக்கிற மண்ணைச் சந்தேகப்படவில்லை. மழையில் அடித்த குழாயை மாசி பங்குனி வெயிலில் மண் கைவிட்டுவிட்டது.

"முதலாளி, கார்த்திகையில இத அடிச்சப்ப மண்ணு ஈரம். கோடையில வெடிச்சு வெலகிருச்சு. குழாய் சும்மா பொந்துக்குள்ள நின்னுருக்கு. எர்த்தே கெடையாது. எர்த் இல்லாம இது ஓடாது. இன்னைக்கு நீங்க தண்ணி ஊத்துனதாலதான் ஓடுச்சு. அன்னைக்கு ஓடிருக்கவே முடியாது."

முதலாளி குனிந்து, காய்ந்த வெடிப்பு ஒன்றில் விரல்களை விட்டுப் பார்த்தார். "கரிசல்ல வேலிக் கம்பு நட்டா கோடையில ஆடத்தான் செய்யும்" என்று மெதுவாகச் சொன்னார். அவருக்குப் புரிந்துவிட்டது. புஞ்சைக்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அக்கா விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. கணக்கப்பிள்ளை முகம் சுருங்கியது. அவர் கை தானாக, ஏதோ முடிந்திருந்த வேட்டி மடியைத் தடவிக்கொண்டது.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் தேடிய கோளாறு கையில் கிடைத்த சந்தோஷம் இருக்கிறதே, அது வாயை மூடவிடாது. கோளாறைக் கண்டுபிடித்தவன் கடைசி வரைக்கும் போய்ப் பார்க்காமல் தூங்கமாட்டான். நான் பேசிக்கொண்டே, குழாயிலிருந்து வயரைப் பிடித்தபடி பின்னோக்கி நடந்தேன்.

"மண்ணுக்குப் போகாததுனாலதான் அத்தனை மாஸ்ஃபெட்டும் வெடிச்சுருக்கு. மேல போக வேண்டிய கரண்டு மேலயும் போகல, கீழயும் போகல. அப்ப அது எங்கன போச்சுன்னா..."

வயர் தகரச் சுவருக்கு வந்தது. நனைந்த சாக்கை விலக்கினேன். ஒன்றன்பின் ஒன்றாக நான் அடித்த ஆணிகள். ஓர் ஆணியில் வயரின் தோல் தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. அந்த ஆணி இரண்டு தகரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் இருந்தது. அந்த இடத்துக்கு உள்பக்கம்தான் கரி பிடித்த சுவர்.

"தகரத்துக்குப் போயிருக்கும்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. இரண்டு தகரங்களுக்கு நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், பொறி தாவும்; உள்ளே தீக்குச்சி.

சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் கணக்கப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளும் அவர் என்னைக் கை காட்டியது, தன் பீடிதான் காரணமோ என்ற பயத்தால் என்று எனக்கு அப்போது தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. பீடியா, ஆணியா என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. கரி எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கறுப்பாக்கிவிட்டது. அவர் வாயைத் திறந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி போயிருக்கலாம். அவர் திறக்கவில்லை. நான் திறந்துவிட்டேன்.

முதலாளி கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "பொம்பளப்பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல. அவ இருக்கட்டும், வேலையப் பாக்கட்டும்" என்று அக்காவுக்குக் கேட்கும்படி சொன்னார். பிறகு என்னிடம், "நீ உள்ளதச் சொன்ன. அதுக்காக நான் வெளிய யாருகிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா நீ இங்கன இருக்கக்கூடாது. இன்னைக்கே போயிரு" என்றார். கணக்கப்பிள்ளை அவருக்குப் பின்னால், சேற்றில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

வீட்டுக்குள் வந்ததும் அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பரணில் ஒரு தகரப் பெட்டியும் என் ரெக்ஸின் பையும் இருந்தன. தகரப் பெட்டி அவளுடையது. எதை இறக்குகிறாள் என்று பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொண்டதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஊரில் எத்தனையோ ஆபீஸ் இருக்கிறது, அவள் கைக்கு எங்கேயும் வேலை கிடைக்கும், இரண்டையும் இறக்குவாள் என்றுதான் நினைத்தேன். அவள் ரெக்ஸின் பையை மட்டும் இறக்கினாள்.

என் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி மடித்தாள். பித்தான் அறுந்திருந்த ஒன்றைத் தனியாக எடுத்து, ஊசி நூல் தேடி, பித்தானைத் தைத்து, பல்லால் நூலைக் கடித்து அறுத்து, அதையும் மடித்து வைத்தாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நீயும் வந்திரேங்க்கா. வேற வீடு பாத்துக்குவோம். இனிமே அதத் தொடமாட்டேன்" என்றேன்.

அவள் என் கைலியை மடித்துக்கொண்டே சொன்னாள். "அது ஓடுமோன்னு எனக்கு மொதல்லயே சந்தேகம் இருந்துச்சுலே. இத்தன நாளும் அந்தச் சந்தேகத்தோடயே அடுத்த ரூம்புல படுத்துத் தூங்கிட்டேன். சந்தேகம்னா தூங்கிரலாம். இப்ப தெரிஞ்சு போச்சு. தெரிஞ்ச பெறகு ஒன்னிய வீட்ல வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கம் வராது."

பையின் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. நான் குனியப் போனேன். அவள் என் கையை விலக்கிவிட்டு, தானே இழுத்து மூடினாள்.